சுவரில் முட்டாத மலை

"டீச்சர், கேமராவைக் கடல்ல வீசிருவோம்னு வந்திருக்கேன்."

"கடல் அந்தப் பக்கம்ணே. இது உப்பளம். இங்க வீசினா வரப்புலதான் கெடக்கும்."

இன்னாசி வீசவில்லை. கேமராப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, உப்பு சேமித்து வைக்கிற கிட்டங்கியின் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வீசுகிறவர் அப்படி இறுக்கிப் பிடிக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

இன்னாசி தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடலோரத் தெருக்களில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அவர் எடுத்த கல்யாண ஆல்பம் ஒன்று இருக்கும்.

டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். மெர்சலின் என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. உப்பளத்துக்கு வரும் பூநாரைகளைப் படம் எடுப்பதற்காகப் பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருந்தார். படத்தில் சிக்கல் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார், அவர் சொல்லி இன்னொருவர் வந்தார், யாரோ வாய்க்கு வந்தபடி 'டீச்சர்' என்று கூப்பிட, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

டீச்சர் என்றால் நிறையப் பேசுவார் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அவருடைய பேச்சுக்கு ரேஷன் உண்டு.

"என்ன ஆச்சு?"

"சனிக்கிழமை கல்யாணம் எடுத்தேன். மொத்தமும் இருட்டாப் போச்சு."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

அதற்குமேல் டீச்சர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் ஆள் தானாகச் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். இன்னாசி சொன்னார்.

கல்யாணப் பெண் லிடியா. அவளுடைய அப்பா ரொமால்டு, சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் நம் துறைமுகத்துக்கு வரும் தேதியைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே தேதி வைத்தார்கள். ஆனால் கப்பல் மனுஷன் போட்ட தேதிக்கு வருமா? பிந்தி வந்தது. மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டி வர வேண்டிய தகப்பன் இல்லாமல், தாய்மாமன் கூட்டி வந்தார். பூசை பாதி நடக்கும்போது ரொமால்டு ஓட்டமும் நடையுமாக வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்தது. கோயில் வாசலில் மகளோடு நின்றார். அவரைத் திருப்பிக் கூட்டிப்போக நின்ற கார் ஹாரன் அடித்தது. கப்பலுக்குப் போய்விட்டார்.

"அப்பாவும் மவளும் சேந்து நிக்கது அந்த ஒரே படந்தான் டீச்சர். வாசல்ல எடுத்தது. ஒரே கிளிக்கு. அதுவும் இருட்டு."

"ஃப்ளாஷ்?"

"பூசை முடியறவரைக்கும் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாதுன்னு பங்குச் சாமி சொல்லிட்டாவ. கழட்டிப் பையில போட்டுட்டேன். திரும்ப மாட்டுறதுக்குள்ள கார்க்காரன் ஹாரன் அடிச்சுட்டான்."

ஆயுள் முழுக்க மின்னல் வெட்டிக்கொண்டே கல்யாணம் எடுத்த மனுஷன். ஃப்ளாஷ் இல்லாத இன்னாசி, கண்ணாடி இல்லாத பெரியவர் மாதிரி தடவித் தடவித்தான் எடுத்திருக்கிறார்.

"பொண்ணு போன் மேல போன் போடுது. அந்தப் படத்த மட்டும் முதல்ல அனுப்புங்க அங்கிள், அப்பாவுக்கு அனுப்பணும்னு. நான் என்னத்தச் சொல்ல? போனை அணைச்சு வச்சிருக்கேன்."

"எப்ப இருந்து?"

"நேத்துல இருந்து."

இன்னாசி கேமராப் பையைத் தட்டினார்.

"எடுக்கும்போது கேமராத் திரையில பளபளன்னு இருந்துச்சு டீச்சர். மாதா மேல சத்தியம். ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன். வீட்டுல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா கன்னங்கரேர்னு கெடக்கு."

"திரை வெளிச்சத்த எவ்வளவு வச்சிருந்திய?"

"ஃபுல்லு. வெயில்ல ஒண்ணும் தெரியாதுல்லா? எப்பவும் ஃபுல்லுதான்."

டீச்சர் தான் போட்டிருந்த கூலிங் கிளாஸைக் கழற்றினார். எட்டி, இன்னாசியின் மூக்கில் மாட்டிவிட்டார். எதிரே வெயிலில் கிடந்த உப்பு அம்பாரத்தைக் காட்டினார்.

"உப்பு என்ன நிறம்?"

"தவிட்டு நிறமா இருக்கு."

கிளாஸைக் கழற்றினார்.

"இப்ப?"

"வெள்ளை." கண் கூசி இன்னாசிக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

"நடுவுல உப்பு மாறிச்சா?"

"மாறல."

டீச்சர் கிளாஸைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்னாசிக்குப் புரிந்தது. புரிந்த கையோடு எரிச்சலும் வந்தது. இவ்வளவு தூரம் பைக் ஓட்டி வந்தவனுக்குக் கண்கூசுவதா வைத்தியம்?

"டீச்சர்! திரை என்னைய ஏமாத்திட்டு. சரி. அது புரியுது. இந்த மெமரி கார்டப் பாத்து, படம் தேறுமா தேறாதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் போயிருதேன்."

"நான் பாக்க மாட்டேன்."

"ஏன்?"

"நான் தேறும்னா தேறும்னு நம்புவிய. தேறாதுன்னா அதையும் நம்புவிய. சனிக்கிழமை திரைய நம்புன மாதிரி."

உள்ளேயிருந்து பேசியபடியே டீச்சர் வெளியே வந்தார். கையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரிச் சுருள்.

"பெரிய ஃபைலா எடுத்தியளா, சின்னதா?"

"பெரிசுதான். ரா ஃபைலு. பின்னால திருத்த வசதியா இருக்கும்னு மகன் அப்படியே செட் பண்ணிக் குடுத்துட்டான்."

"நல்லது."

எது நல்லது, ஏன் நல்லது என்றெல்லாம் சொல்லவில்லை. கேமராவை வாங்கினார். கல்யாணப் படங்கள் இருந்த மெமரி கார்டை உருவி, ஒரு சின்னச் சம்புடத்தில் போட்டு மூடினார். வேறு கார்டைச் செருகினார். பிறகு திரையின் மேல் பிளாஸ்திரியை வரிவரியாக ஒட்டினார். படம் தெரிகிற இடமெல்லாம் மறைந்தது. மூலையில் மட்டும் பிஸ்கட் அளவுக்கு ஒரு சதுரம் மிச்சம். அதில் ஒரு வரைபடம் தெரிந்தது.

"இது என்னன்னு தெரியுமா?"

"ஹிஸ்டோகிராம்."

"பாப்பியளா?"

"பாக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஈசிஜி மாதிரியே இருக்கு டீச்சர். பாத்தா நெஞ்சு அடைக்குது."

டீச்சர் குனிந்து, கிட்டங்கி வாசல் மணலில் விரலால் ஒரு கட்டம் போட்டார். இடப்பக்கம் ஒரு சுவர். வலப்பக்கம் ஒரு சுவர். நடுவில் ஒரு மலை.

"இடது கடைசி, கருங்கருப்பு. வலது கடைசி, வெள்ளைவெளேர். இடையில இருக்கது மத்ததெல்லாம். படத்துல எது நிறைய இருக்கோ, அது இருக்க இடத்துல மலை உயரும். அம்புட்டுதான்."

அன்றைக்கு டீச்சர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

"போய் உப்ப எடுத்துட்டு வாங்க."

"கல்யாணம் என்னாச்சுன்னு கேட்டா உப்ப எடுக்கச் சொல்லுதிய?"

"ஆமா."

*

இன்னாசி வரப்பில் நடந்தார்.

வெயில் மேலே இருந்தும் அடித்தது, உப்பிலிருந்தும் அடித்தது. அம்பாரத்தின் முன்னால் நின்று ஒன்று எடுத்தார். படத்தைப் பார்க்கக் கை தானாகத் திரைக்குப் போனது. பிளாஸ்திரிதான் தெரிந்தது. மூலையில் மலை மட்டும்.

மலை, நடுவைத் தாண்டி வலப்பக்கம் ஒதுங்கி நின்றது.

இது தப்பாயிற்றே என்று நினைத்தார் இன்னாசி. ஒன்றும் தெரியாமல் நினைக்கவில்லை. போட்டோகிராபர் சங்கக் கூட்டத்துக்கு மதுரையிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மலை நட்டநடுவில் நின்றால்தான் எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, சரி என்று பெரிய திரையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வடை சுடச்சுட இருந்ததால் அந்தக் கூட்டம் இன்னாசிக்கு நன்றாக நினைவிருந்தது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தைத் திருகினார். மலை இடப்பக்கம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

ஈசிஜி சீராகிவிட்ட சந்தோஷத்தோடு இன்னாசி கிட்டங்கிக்குத் திரும்பினார்.

டீச்சர் பிளாஸ்திரியை உரித்தார். பார்த்தார். கேமராவை அவர் பக்கம் திருப்பினார்.

"இது என்ன?"

"உப்பு."

"எனக்கு அடுப்புச் சாம்பல் மாதிரில்லா தெரியுது."

இன்னாசி குனிந்து பார்த்தார். சாம்பல்தான். அள்ளிப் பாத்திரம் விளக்கலாம்.

"ஆனா மலை நடுவுல நிக்கே டீச்சர்!"

"மலை நடுவுல நிக்கு. உப்பு எங்க?"

"சங்கத்துல அப்படித்தான் சொன்னாவ. நடுவுல நின்னாத்தான் சரின்னு."

"சங்கத்துல எதப் படம் எடுத்துக் காட்டுனாவ?"

இன்னாசி யோசித்தார். "செயலாளர் மூஞ்சிய."

"அவரு நிறம் என்ன?"

"நம்ம நிறந்தான். மாநிறம்."

"அவருக்குச் சரி."

டீச்சர் மறுபடி பிளாஸ்திரியை ஒட்டிவிட்டார். சுவரோரம் உப்பளத்து ஆட்கள் கழற்றிப் போட்டிருந்த கறுப்பு ரப்பர் பூட்ஸைக் கண்ணால் காட்டினார்.

"அதையும் எடுங்க. உப்பையும் திரும்ப எடுங்க."

இன்னாசிக்கு இப்போது தெளிவு வந்துவிட்டது. கறுப்பு என்றால் இடப்பக்கம். வெள்ளை என்றால் வலப்பக்கம். இதற்கா இத்தனை பாடு? முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஆகாதா?

தெளிவு வந்த மனுஷன் சும்மா இருப்பாரா? பூட்ஸைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பாகம் தெரிய எடுத்தார். மலையை இடப்பக்கம் தள்ளினார், தள்ளினார், சுவரோடு சேர்த்து அப்பினார். உப்பை எடுத்தார். மலையை வலப்பக்கம் தள்ளி, அந்தச் சுவரோடு ஒட்டினார். போனதடவை சாம்பல் என்று சொன்னவர் இந்தத் தடவை என்ன சொல்லுவார் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

டீச்சர் இந்தமுறை லேப்டாப்பைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"பாருங்க."

"கறுப்பு கறுப்பாவே இருக்கு. வெள்ளை வெள்ளையாவே இருக்கு." இன்னாசி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பூட்ஸுக்கு அடியில பல்லு வெட்டியிருக்குமே, வழுக்காம இருக்க. அது எங்க?"

இன்னாசி தேடினார். பூட்ஸின் வடிவத்தில் ஒரு கறுப்பு ஓட்டைதான் இருந்தது.

"வெளிச்சத்தக் கூட்டுங்க. பல்லு வருதான்னு பாப்போம்."

கூட்டினார். கறுப்பு வெளுத்துக் கரும்பலகை நிறமானது. இன்னும் கூட்டினார். அழுக்குத் துணி நிறமானது. பல் வரவில்லை.

"உப்புக்குப் போங்க. கல்லு கல்லா இருக்கணுமே?"

இன்னாசி வெளிச்சத்தைக் குறைத்தார். வெள்ளைக் காகிதம் பழுப்புக் காகிதமாயிற்று. அவ்வளவுதான். ஒரு கல் தெரியவில்லை, கல்லுக்கு இடையில் ஒரு நிழல் தெரியவில்லை.

"காணோம் டீச்சர்."

"எங்க போச்சு?"

"தெரியல. எடுக்கும்போதே போயிருச்சு போல."

"அந்தச் சாம்பல் இருக்குல்லா, மொதல்ல எடுத்தது? அதக் கூட்டுங்க."

இன்னாசிக்கு இதில் இஷ்டமே இல்லை. தோற்றுப்போன படத்தை எதற்குத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்? வேண்டாவெறுப்பாகக் கூட்டினார்.

சாம்பல் வெளுத்தது.

இன்னும் கொஞ்சம் கூட்டினார். அம்பாரத்தின் சரிவில் ஒரு கல் மினுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. கூட்டக் கூட்டக் கல் கல்லாகப் புறப்பட்டு வந்தது, ஒவ்வொன்றின் காலடியிலும் அதனதன் சின்ன நிழலோடு. வெள்ளை வெளேரென்று உப்பு. தொட்டு நாக்கில் வைக்கலாம்போல் இருந்தது.

"வருது டீச்சர்! எல்லாம் வருது!"

"இது ஏன் வருது? அது ஏன் வரல?"

கேட்டுவிட்டு டீச்சர் கடுங்காப்பி போட உள்ளே போய்விட்டார்.

*

இன்னாசி தனியாக உட்கார்ந்திருந்தார்.

லேப்டாப்பில் இரண்டு உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்ல வெள்ளையாக எடுத்தது செத்துப்போயிருந்தது. கேவலமாக எடுத்தது பிழைத்து வந்திருந்தது. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

படத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. மலையைப் பார்த்தார்.

ஒரு மலை வலப்பக்கச் சுவரில் போய் மோதி, அப்பளம் மாதிரி நசுங்கி நின்றது. மற்றது அழகாக இல்லை. இருக்க வேண்டிய இடத்திலும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு, எதிலும் மோதாமல் நின்றது.

பூட்ஸைப் பார்த்தார். அதுவும் மோதித்தான் கிடந்தது.

மறுபடி உப்பைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர்! என் கார்டு எங்க?"

"எதுக்கு?"

"மலை எங்க நிக்குன்னு பாக்கணும்!"

டீச்சர் சிரித்தார். காலையிலிருந்து வராத சிரிப்பு. சம்புடத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இருட்டா இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"இருட்டுதான். அதான் தெரியுமே. மலை முட்டிருக்கா, முட்டலையான்னு தெரியணும்."

*

இன்னாசி கார்டை லேப்டாப்பில் செருகினார். காலையில், யாராவது பார்த்துச் சொன்னால் போதும் என்று ஓடி வந்தவர். இப்போது தானே பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. போனை அணைத்து வைப்பது போல இதை அணைத்து வைக்க வழி இல்லை.

முதல் படம். லிடியா தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். வெள்ளைச் சேலை மங்கிப்போய், மழைநாள் போல இருந்தது. இன்னாசி படத்தைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார்.

மலை இடப்பாதியில் பம்மிக் கிடந்தது. ஆனால் சுவருக்கும் மலைக்கும் நடுவில் இடைவெளி இருந்தது.

வெளிச்சத்தைக் கூட்டினார். சேலையில் வெள்ளை ஏறியது. பூவேலை ஒவ்வொரு பூவாக எழுந்தது. தாய்மாமன் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது.

"அப்பாடா."

அந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் பாரம் இறங்கிப் போனது.

அடுத்தது. முட்டவில்லை. அடுத்தது. முட்டவில்லை. இன்னாசி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். மோதிரம் மாற்றுவது, முட்டவில்லை. பாடகர் குழு, முட்டவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைப்பது, முட்டவில்லை. ஜெபமாலை சொல்லுகிற ராகமே வந்துவிட்டது.

திடீரென்று நிறுத்தினார்.

"முட்டுது டீச்சர்! வலதுபக்கம் முட்டுது!"

டீச்சர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"முட்டுறது யாரு?"

"யாருன்னா?"

"படத்துல எது வெளுத்துப்போய் நிக்குன்னு பாருங்க."

இன்னாசி தேடினார். பீடத்தில் மெழுகுவத்திச் சுடர்.

"மெழுகுவத்தி."

"சுடருக்குள்ள உங்களுக்கு என்ன பாக்கணும்?"

"ஒண்ணும் பாக்க வேண்டாம்."

"அப்ப மேல போங்க."

இன்னாசி மேலே போனார். இனி பயம் இல்லை என்றுதான் நினைத்தார்.

வாசல் படம் வந்தது.

அவர் கை மௌஸிலிருந்து தானாக விலகிக்கொண்டது.

பின்னால் கோயில் முற்றம் வெயிலில் பற்றி எரிந்தது. அதன் முன்னால் வாசல் நிழலில் இரண்டு உருவங்கள். வெள்ளையாக ஒன்று, மங்கலாய். அதன் பக்கத்தில் கறுப்பாக ஒன்று. கறுப்புக் கோட்டு போட்டு, நிழலில் நின்று, வெயிலை முதுகுக்கு வாங்கிய மனுஷன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இருட்டு.

மூலையைப் பார்த்தார்.

ஒரு மலை இல்லை, இரண்டு மலை. வலப்பக்கம் ஒன்று சுவரில் ஓங்கி மோதியிருந்தது. இடப்பக்கத்து மலை பம்மிப் பம்மிப் போய், அதன் அடிவாரமும் சுவரைத் தொட்டிருந்தது.

ஆயிரம் படம் பிழைத்து, ஒரு படம் சாகிறதென்றால் அது இதுவாகவா இருக்க வேண்டும்?

"ரெண்டு பக்கமும் முட்டுது டீச்சர்."

டீச்சர் காப்பித் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தார். லேப்டாப்பைப் பார்க்காமல், எதிரே பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்த பூநாரைகளைப் பார்த்தார்.

"முட்டுறது யாரு?"

"எனக்குப் பாக்கப் பயமா இருக்கு."

"எனக்கு அங்க வேலை இருக்குண்ணே." டீச்சர் தன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்துவிட்டார்.

இன்னாசிக்கு அழுகையே வந்தது. இந்த நேரத்திலா விட்டுவிட்டுப் போவார்கள்? கூப்பிட வாயெடுத்தார். கூப்பிட்டால் திரும்பி வருகிற ஆள் இல்லை.

வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார். வெயில் அடிக்கிற சிமெண்டு முற்றம்தான் வெளுத்துப்போயிருந்தது. போகட்டும். முற்றத்தைப் பார்த்து யார் அழப்போகிறார்கள்?

இடப்பக்கம்.

நிழல் பகுதிக்கு மட்டும் வெளிச்சம் கூட்டுகிற பட்டையைப் பிடித்தார். மெதுவாக, மிக மெதுவாக நகர்த்தினார். கதவுக்குப் பின்னாலிருந்த இடுக்கு கறுப்பாகவே கிடந்தது. ரொமால்டின் ஷூ கறுப்பாகவே கிடந்தது. இன்னும் நகர்த்தினார். அவருடைய கறுப்புக் கோட்டில் ஒரு மடிப்பு வந்தது. ஒரு பித்தான் வந்தது. கோட்டுப் பையில் செருகிய பூ வந்தது.

இன்னாசி இன்னும் கிட்டத்தில் குனிந்தார்.

தாடை வந்தது. சவரம் செய்ய நேரமில்லாத தாடை. மூக்கு வந்தது. பிறகு கண்கள் வந்தன.

படம் கொஞ்சம் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. இருந்தால் என்ன. ரொமால்டு கேமராவைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறையத் தண்ணீர். லிடியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுடைய இடதுகை விரல்கள் அப்பாவின் கோட்டுக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தன, துணி கசங்குகிற அளவுக்கு. எடுத்தபோது இன்னாசி இதைப் பார்க்கவில்லை. ஹாரன் சத்தத்தில் யார்தான் பார்த்தார்கள்?

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சிரித்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்தார். அதைப்போல ஒரு காப்பியை அவர் குடித்ததில்லை.

பையில் கிடந்த போனை எடுத்து உயிர் கொடுத்தார். அவரே கூப்பிட்டார். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"அங்கிள்! எங்க போயிட்டிய? நாங்க பயந்தே போயிட்டோம்."

"ஒண்ணுமில்லம்மா. உப்பளத்துல இருக்கேன்."

"படம் சரியா வரலையா அங்கிள்? மறைக்காதிய. அம்மாவும் அழுதுட்டு இருக்காவ."

இன்னாசி பதில் சொல்வதற்குள் அவளே குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல. அந்த வாசல் படம் மட்டும் சொல்லுங்க. பின்னாடி அவ்வளவு வெயிலு அடிச்சுதே. அதுல அப்பா இருக்காவளா?"

"வெயிலுதான் போயிட்டும்மா," என்றார் இன்னாசி. "அப்பா இருக்காவ."